வேட்பாளரின் வயதைப் பார்த்து ஓட்டுப் போடலாமா?

சரி, அடுத்த கேள்வி. பெங்களூர் அல்சூரில் இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். "எங்கள் பக்கம் மாநகராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று பேசப்படுகிற ஒருத்தருக்கு 76 வயது, இன்னொருத்தருக்கு 29. பெரியவருக்கு வயசாகிவிட்டது, போட வேண்டாம் என்கிறான் என் மகன். வயதைப் பார்த்து ஓட்டுப் போடுவது நியாயமா?"

நியாயம்தான் அம்மா, பார்க்கலாம். சட்டமே பார்க்கிறதே! மாநகராட்சிக்கு 21, சட்டசபைக்கும் மக்களவைக்கும் 25, ராஜ்யசபாவுக்கு 30, குடியரசுத் தலைவருக்கு 35. ஆனால் இதெல்லாம் கீழ் வரம்பு. மேலே வரம்பே கிடையாது, 95 வயதிலும் நிற்கலாம். அந்த முடிவை நம்மிடம் விட்டுவிட்டார்கள், அதனால் உங்கள் மகன் கேட்டதில் தப்பில்லை.

ஆனால் வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இடிக்கும். அண்ணா 1967-ல் முதலமைச்சர் ஆனபோது அவருக்கு 57தான், இரண்டு வருடம்கூட முடியவில்லை, போய்விட்டார். மொரார்ஜி தேசாய் 81 வயதில் பிரதமர் ஆனார், அவருடைய ஆட்சி கவிழ்ந்தது கட்சிச் சண்டையால், உடம்பு முடியாமல் இல்லை. எம்.ஜி.ஆர் 1984-ல் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஆண்டிபட்டியில் ஜெயித்தார், அப்போது வயது 67. இன்றைய கணக்கில் அது ஒரு வயதே இல்லை.

அதற்காக வயது ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கலைஞர் 2016-ல் திருவாரூரில் நின்றபோது 92 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வருடக் கடைசியிலேயே உடம்பு முடியாமல் போய், அப்புறம் பொது வாழ்க்கையில் இருந்தே ஒதுங்க வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்டில் மறைந்தார், இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரலில். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தொகுதிக்காரருடைய பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும் இல்லையா? சபையில் எழுந்து அவர்களுக்காகக் கேட்க, இரண்டு வருடத்துக்கு மேல் ஆள் இல்லை.

என்னைக் கேட்டால், என்ன வேலைக்கு நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். ராஜ்யசபாவுக்கு அனுபவம் உள்ள பெரியவர் போனால் நல்லதுதான், தேவகவுடா 2020-ல் 87 வயதில் போனார். ஆனால் நம் பெங்களூரில் கார்ப்பரேட்டர், அதாவது மாநகராட்சி வார்டு உறுப்பினர் வேலை அப்படிப்பட்டதா? ராத்திரி மழை கொட்டி ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் பொங்கி, வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறும்போது, பேன்டை மடித்து விட்டுக்கொண்டு வந்து நின்று, இன்ஜினியருக்குப் போன் போட்டு, மோட்டார் வரவழைக்கிற வேலை. அதற்கு உடம்பு வேண்டும். (கார்ப்பரேட்டர் என்று ஒருத்தர் இருந்தார் என்பதே பலருக்கு மறந்திருக்கும். 2015-ல் தேர்தல் நடந்தது, 2020 செப்டம்பரில் கவுன்சில் காலம் முடிந்தது, அதற்கப்புறம் வருடக்கணக்கில் அதிகாரிகள் ராஜ்ஜியம்தான். அன்றைக்கு இளைஞர் அணியில் கொடி பிடித்த பையன்களுக்கெல்லாம் தேர்தலுக்குக் காத்திருந்தே தலை நரைத்துவிட்டது.)

இன்னொன்று, 29 வயது என்றதும் மயங்கிவிடாதீர்கள். அவருக்கு எப்படி சீட் கிடைத்தது என்று விசாரியுங்கள். அப்பா எம்.எல்.ஏ, மாமா மந்திரி என்றால், வயதுதான் புதுசு, சரக்கு பழசு. வார்டில் வேலை செய்து மேலே வந்த பிள்ளை என்றால் அது வேறு.

உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்றால், காகிதத்தில் இல்லை. வேட்புமனுவோடு தருகிற பிரமாணப் பத்திரத்தில் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் எழுத வேண்டும், வயதும் இருக்கும். உடல்நிலை பற்றி ஒரு வரிகூடக் கேட்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் யாருக்கு இல்லை, அதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் ஐந்து வருடம் ஓட முடியுமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதனால் அம்மா, ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தேர்தலுக்கு முன்னாலேயே, தண்ணீர் வரவில்லை, தெரு விளக்கு எரியவில்லை என்று ஏதாவது ஒன்றுக்கு இரண்டு பேருக்கும் போன் போடுங்கள். யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பெரியவரே எடுத்து, எந்தத் தெரு, எந்தக் கம்பம் என்று கேட்டால் 76 ஒரு பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு தடவையும் மகன் எடுத்து "அப்பா ரெஸ்ட்ல இருக்கார்" என்றால், நீங்கள் ஓட்டுப் போடப் போவது அந்த மகனுக்கு. இளையவருடைய போனை பி.ஏ.தான் எடுக்கிறார் என்றால் அங்கேயும் இதே கதைதான்.