மோசின் நாகான்ட் போல்ட் திறக்கலையா? சுத்தியலைக் கீழ வைங்க, முதல்ல சேம்பரைப் பாருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு மேசை மேல இருக்கிறது மோசின் நாகான்ட் 91/30. 1891-ல ரஷ்ய ராணுவம் ஏத்துக்கிட்ட துப்பாக்கியோட 1930 மாடல். சுட்ட பிறகு போல்ட்டோட (தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டுற உலோக உருளை) கைப்பிடி மேல வரவே மாட்டேங்குதுங்கிறதுதான் இதுல எல்லாருக்கும் வர்ற தலைவலி. உள்ளங்கையால தட்டுறாங்க, ரப்பர் சுத்தியலால அடிக்கிறாங்க, கடைசியில போல்ட்டையே மாத்திடுறாங்க. பெரும்பாலும் போல்ட் மேல தப்பே இருக்காது. தப்பு சேம்பர்ல, அதாவது சுடும்போது தோட்டா உட்கார்ற குழலோட பின்பகுதியில இருக்கும்.

தொடங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. மேகசின் (தோட்டாக்களை அடுக்குற பெட்டி) காலியா, சேம்பர் காலியான்னு கண்ணால பாருங்க, விரலையும் விட்டுப் பாருங்க. வேலை பண்ற மேசையில ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. உங்க நாட்டுச் சட்டப்படி உரிமம் இருக்கிற துப்பாக்கியா இருக்கணும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

இப்போ நோய் எங்கன்னு கண்டுபிடிக்கணும். காலித் துப்பாக்கியில போல்ட்டைத் திறந்து மூடிப் பாருங்க. கொஞ்சம் கனமாத்தான் இருக்கும், அது இயல்பு. மோசின்ல கைப்பிடியைத் தூக்கும்போதுதான் ஸ்பிரிங் இறுகி காக் ஆகுது, அதாவது சுடத் தயாராகுது. கைப்பிடியும் குட்டை, அதனால நெம்பு பலம் கம்மி. அடுத்து, மருந்து இல்லாத போலித் தோட்டா, அதாவது ஸ்னாப் கேப் ஒண்ணைப் போட்டுத் திறங்க. இந்த ரெண்டுலயும் சரியா வருது, நிஜத் தோட்டா சுட்ட பிறகு மட்டும் பிடிச்சுக்குதுன்னா சேம்பர்தான். காலியா இருக்கும்போதே பிடிக்குதுன்னா போல்ட்டைப் பிரிக்கணும். அதுக்குப் பின்னாடி வர்றேன். தள்ளும்போது முன்னாடி போக மாட்டேங்குதுன்னா அது வேற விஷயம். பெரும்பாலும் மேகசின்ல மேல் தோட்டாவோட விளிம்பு கீழ்த் தோட்டாவோட விளிம்புக்குப் பின்னாடி மாட்டியிருக்கும்.

சேம்பர்ல என்ன ஆகுது? இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் சோவியத் ஆயுதக் கிடங்குகள் இந்தத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து, கெட்டியான கிரீஸ்ல முக்கி வச்சாங்க. சேகரிக்கிறவங்க பொதுவா காஸ்மோலின்னு சொல்றது அதைத்தான். துரு பிடிக்காம பல வருஷம் காப்பாத்தினது அதுதான். வாங்கினவங்க வெளிய துடைச்சாங்க, குழலுக்குள்ள ராட் விட்டு இழுத்தாங்க. ஆனா சேம்பர் குழலை விட அகலம். குழல் அளவு பிரஷ் அதோட சுவரைத் தொடாமலே போயிடும். அங்க தங்கின கிரீஸ் சுடச் சுட வெந்து வார்னிஷ் மாதிரி ஆகிடும். தோட்டா வெடிக்கும்போது கேஸ் (மருந்து இருக்கிற உலோகக் கூடு) விரிஞ்சு சுவரோட அப்பும், அழுத்தம் போனதும் சுருங்கணும். பித்தளை கேஸ் நல்லா சுருங்கும், ஸ்டீல் கேஸ் அவ்வளவா சுருங்காது. சர்ப்ளஸ் தோட்டா, அதாவது ராணுவக் கிடங்குல மிச்சமாகி விற்பனைக்கு வந்தது, பெரும்பாலும் ஸ்டீல் கேஸ்தான். கேஸ் மேல இருக்கிற லாக்கர் பூச்சு உருகி ஒட்டுதுன்னு நிறையப் பேர் சொல்லுவாங்க. நான் அதை ரெண்டாவதாத்தான் சந்தேகப்படுவேன். முதல் குற்றவாளி இந்தப் பழைய கிரீஸ்.

கேமரா பக்கத்துல கொண்டு வர்றேன், இந்தச் சுட்ட கேஸைப் பாருங்க. தோள் பக்கத்துல, அதாவது கேஸ் குறுக ஆரம்பிக்கிற இடத்துல, பழுப்பா ஒரு பட்டை, நகத்தால சுரண்டினா மெழுகு மாதிரி வருது. இது கிரீஸ். இப்போ இன்னொரு கேஸ். பழுப்பு இல்ல, ஆனா சின்னச் சின்னப் புடைப்பும், நீளவாக்குல கீறலும் இருக்கு. இது சேம்பர் சுவர்ல துரு அரிச்ச குழி. உலோகம் அந்தக் குழிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். முதல் கேஸுக்குச் சுத்தம் பண்ணினா போதும், ரெண்டாவதுக்குப் போதாது.

சுத்தம் பண்ணத் தேவையானது: 20 கேஜ் ஷாட்கன் வெண்கல பிரஷ், ஒரு துண்டு ஷாட்கன் ராட், வேகத்தைக் குறைக்க முடியுற டிரில். இந்த பிரஷ்ஷோட மரை ரைஃபிள் ராட்ல ஏறாது, ஷாட்கன் ராட் இல்லன்னா அடாப்டர் வாங்கணும். கரைக்க மினரல் ஸ்பிரிட்ஸ், கிடைக்கலன்னா மண்ணெண்ணெய். அடம்பிடிச்சா அசிட்டோன். அசிட்டோன் எடுத்தா மரத்தைக் கழட்டி வச்சிடுங்க, தயவுசெஞ்சு. சோவியத் துப்பாக்கிகளோட மரக்கட்டை மேல இருக்கிறது ஷெல்லாக்ங்கிற அரக்குப் பூச்சு. ஒரு சொட்டு விழுந்தாலும் பூச்சு போயிடும். வேலையை வெளியில வைங்க, கிட்டத்துல நெருப்பு கூடாது. டிரில் மோட்டார்லயே பொறி வரும், அதனால டிரில் ஓட்டும்போது சேம்பர்ல மண்ணெண்ணெயோ குழல் சுத்தம் பண்ற சாதாரண சால்வென்டோ மட்டும் போதும். அசிட்டோனைத் துணியில நனைச்சு கையால தேய்ங்க.

விசையைப் பின்னாடி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே போல்ட்டை இழுத்தா முழுசா வெளிய வந்துடும். சேம்பரை நனைச்சு கால் மணி நேரம் ஊற விடுங்க. பிரஷ் சேம்பர் வாயைத் தொடுற இடத்துல ராட்ல ஒரு குறி வச்சு, அதுலருந்து 5 சென்டிமீட்டர் பின்னாடி டேப் ஒட்டுங்க. கேஸ் நீளமே சுமார் 54 மில்லிமீட்டர்தான், அதுக்கு மேல பிரஷ்ஷுக்கு வேலை இல்ல. டிரில்லை மெதுவா, வலஞ்சுழியா மட்டும் ஓட்டுங்க. ரிவர்ஸ்ல ஓட்டினா மரை கழண்டு பிரஷ் உள்ளயே மாட்டிக்கும். அரை நிமிஷம் ஓட்டி, வெளிய எடுத்து, துணியால துடைச்சுப் பாருங்க. முதல் துணி டீ டிகாக்ஷன் நிறத்துல வரும். துணி வெள்ளையா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் பண்ணணும். அவசரப்படாதீங்க, பாதியில விட்டா மிச்சம் இருக்கிறது அடுத்த தடவை இன்னும் கெட்டியா வேகும்.

அப்புறமும் லேசாப் பிடிச்சா, தேய்ஞ்ச பிரஷ் மேல 0000 எண் ஸ்டீல் வூலைச் சுத்தி, உலோக பாலிஷ் கொஞ்சம் தடவி, ஒரு நிமிஷம் ஓட்டலாம். உப்புத்தாள், எமெரி பக்கமே போகாதீங்க. சேம்பர் பெருசானா திரும்பச் சின்னதாக்க முடியாது. முடிஞ்சதும் சேம்பரை முழுசா உலர்த்திடுங்க. சுடும்போது அங்க எண்ணெய் இருந்தா கேஸ் சுவரைப் பிடிக்காம வழுக்கி, போல்ட் மேல விழுற அழுத்தம் கூடும். அலமாரியில வைக்கும்போது மெல்லிசா எண்ணெய் பூசலாம், சுடப் போறதுக்கு முன்னாடி துடைச்சிடணும்.

இப்போ காலியா இருக்கும்போதே பிடிக்கிற போல்ட். போல்ட்டோட பின்முனையில இருக்கிற குமிழ், அதாவது காக்கிங் பீஸைத் திருப்பி ஸ்பிரிங்கைத் தளர்த்தி, போல்ட் ஹெட்டையும் இணைப்புப் பட்டையையும் முன்னாடி உருவுங்க. அப்புறம் காக்கிங் பீஸைக் கழட்டினா ஃபயரிங் பின்னும் (தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கிற ஊசி) ஸ்பிரிங்கும் வந்துடும். ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க. எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம் போட்டா கிரீஸ் உருகி மேல மிதக்கும். உடனே துடைச்சு எண்ணெய் போடுங்க. போல்ட் உடம்போட பின் விளிம்புல சாய்வா ஒரு வெட்டு இருக்கும், காக்கிங் பீஸோட மூக்கு அதுல ஏறி இறங்கும். அங்க பிசிறு இருந்தா நுண்ணிய கல்லால பிசிறை மட்டும் எடுங்க, சாய்வை மாத்தாதீங்க. அந்த இடத்துலயும், போல்ட்டைப் பூட்டுற லக்குகளுக்குப் (புடைப்புகள்) பின்னாடியும் துளி கிரீஸ்.

திரும்பப் பூட்டும்போது ஃபயரிங் பின் எவ்வளவு வெளிய நீட்டுதுன்னு கட்டாயம் அளக்கணும். துப்பாக்கியோட வர்ற பழைய கருவித் தகட்டுல 75, 95-ன்னு ரெண்டு வெட்டு இருக்கும். அது அங்குலத்துல ஆயிரத்துல பங்கு, அதாவது சுமார் 1.9, 2.4 மில்லிமீட்டர். 75 வெட்டுல பின் முனை தட்டணும், 95-ல தட்டக் கூடாது. கம்மியா இருந்தா தோட்டா வெடிக்காது, அதிகமா இருந்தா பிரைமரை (தோட்டா அடியில இருக்கிற, அடிச்சதும் தீப்பிடிக்கிற சின்ன மூடி) குத்திக் கிழிச்சு வாயு பின்னாடி வரும். போல்ட் ஹெட்டை வேற துப்பாக்கியிலருந்து எடுத்துப் போட்டா ஹெட்ஸ்பேஸே, அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்பு உட்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தூரமே மாறிடும். அதை அதுக்கான அளவுக் கருவி வச்சுப் பார்க்காம சுடாதீங்க.

சுடும் இடத்துலயே போல்ட் இறுகிட்டா? தோட்டா வெடிக்கலன்னா குழலைப் பாதுகாப்பான பக்கம் காட்டியபடி ஒரு நிமிஷம் காத்திருங்க. அப்புறமும் திறக்கலன்னா தட்டாதீங்க, ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்க. சுட்டு முடிஞ்ச கேஸ்தான் உள்ள இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும், மரத்துண்டால கைப்பிடியோட அடிப்பக்கம் மேல்நோக்கித் தட்டலாம். துப்பாக்கிக் கட்டையைத் தரையில குத்துறது, முகத்தைக் குழல் பக்கம் கொண்டு போறது, ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

சர்ப்ளஸ் தோட்டா சுட்டா அன்னைக்கே சேம்பரையும் குழலையும் வெந்நீர்ல கழுவுங்க. அந்தப் பிரைமர் விட்டுட்டுப் போற உப்பு ஈரத்தை இழுக்கும், எண்ணெய்ல கரையாது, தண்ணியிலதான் கரையும். ரெண்டாவது கேஸ்ல பார்த்த குழி இப்படித்தான் விழுது. குழி விழுந்துடுச்சுன்னா துப்பாக்கி பழுது பார்க்கிற கன்ஸ்மித் கிட்ட கொடுங்க. அதுவரைக்கும் அதைச் சுடாம வைங்க.