கால் கிலோ உப்பும் ஒரு வெடிப்பும்: உரும்பிராய்க் குழாய்க்கிணறு

வணக்கம் எல்லாருக்கும். போன வீடியோவில் காட்டிய மாமாவின் தோட்டத்துக் குழாய்க்கிணறு ஞாபகம் இருக்குதா? அதற்குள் எந்த ஆழத்தால் தண்ணீர் ஓடுகிறது என்று கண்டுபிடித்தாச்சு! சந்தோஷத்தில் இரவு நித்திரையே இல்லை.

முதலில் கிணற்றுக்குள் உப்புத்தண்ணீர் இறக்க வாங்கிய ஹோஸின் கதையைச் சொல்லவேணும். 20 மீற்றருக்குக் காசு கொடுத்தேன், வீட்டில் அளந்தால் 18.9. கிணறு 19.3 மீற்றர், அடிவரை ஹோஸ் போகாவிட்டால் அந்தத் துண்டுக்கு அளவே இல்லை. திரும்பிப் போனால் கடைக்காரர் "இழுத்தால் வரும் தங்கச்சி" என்கிறார். இழுத்தா அளக்கிறது? அரை மணித்தியாலம் நின்று மிச்சத் துண்டையும் ஒரு ஜொயின்ரையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

சரி, வேலை இதுதான். ஹோஸை அடிவரை இறக்கி, ஆனையிறவு உப்பு கால் கிலோவைக் கரைத்து அதற்குள் நிரப்பி, ஒரே வேகத்தில் மேலே இழுத்தால் கிணறு முழுக்க உப்பு பரவிவிடும். பிறகு மின்கடத்துதிறன் மானியை (தண்ணீரில் உப்புக் கூடினால் இலக்கமும் கூடும்) அரை மீற்றருக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி இறக்கவேணும். தண்ணீர் ஓடுகிற இடத்தில் உப்பு கழுவுப்பட்டுப் போகும், ஓடாத இடத்தில் அப்படியே கிடக்கும்.

சொல்ல மறந்துவிட்டேன், முதல்நாள் பின்னேரமே மோட்டாரை நிறுத்தி, உப்புப் போடமுதல் ஒரு அளவும் எடுத்துவைத்தேன்: 900 மைக்ரோசீமன்ஸ். பிவிசி குழாய் மேல் 3 மீற்றருக்குத்தான், கீழே வெறும் கல். முழுக்கக் குழாய் இறக்கிய கிணற்றில் இது சரிவராது.

உப்புப் போட்டதும் எல்லா ஆழத்திலும் 2,700 அளவில் நின்றது. நாற்பது நிமிடத்தில் 12 மீற்றரில் 1,000! 9 மீற்றரில் மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகும் 2,500. கல்லில் தண்ணீர் ஓடுகிற ஒரே ஒரு வெடிப்பு, மற்றதெல்லாம் சும்மா நிற்கிற தண்ணீர்.

அதனால்தான் மோட்டார் போட்டு ஒரு போத்தல் பிடித்து "இதுதான் கிணற்றுத் தண்ணீர்" என்று சொல்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எல்லா ஆழத்துத் தண்ணீரும் கலந்து வருகிறது, எந்த வெடிப்பால் என்ன வந்தது என்று அதில் எப்படித் தெரியும்? எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மணல் மாதிரி வடிகட்டாது, தண்ணீர் வெடிப்புகளால் ஓடிவிடும். கீரிமலையில் கடற்கரையிலேயே நன்னீர் ஊறி வருவது இப்படியான வழிகளால்தான். பக்கத்து மலக்குழித் தண்ணீருக்கும் அதே வழிதான், தயவுசெய்து கிணற்றுக்குக் கிட்டக் குழி வெட்டாதீர்கள்.

இன்னொன்று, ஆழமாகத் துளைத்தால் நல்ல தண்ணீர் வரும் என்று நினைக்காதீர்கள். நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் என்பது கணக்கு. மேலே கால் மீற்றர் இறைத்துக் குறைத்தால், கீழே சவர்த் தண்ணீர் 10 மீற்றர் மேலே ஏறப் பார்க்கும்.

மாரி முடிந்ததும் இதே கிணற்றில் திரும்பச் செய்வேன். அந்த 12 மீற்றர் வெடிப்பு அப்போது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கவேணும்.