பல குரல், ஒரு சுருதி

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் பாட்டுக் கற்பது என்றாலே, குருவின் முன் அமர்ந்து சரளி வரிசை என்னும் ஆரம்பப் பாடத்தில் தொடங்குவதுதான் பெரும்பாலோர் நினைவுக்கு வரும். என்னைப் போல, சேர்ந்திசையை, அதாவது நாற்பது பேரைச் சேர்த்துப் பாடவைப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள் இங்கு மிகச் சிலர். அவர்களில் எம்.பி. சீனிவாசன் முதன்மையானவர். திரைப்பட இசையமைப்பாளரான அவர், 1970களில் மெட்ராஸ் யூத் கொயர் என்னும் சேர்ந்திசைக் குழு வழியாகத் தமிழ்ப் பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் ஒலிக்கச் செய்தார். 1988-இல் லட்சத்தீவில் காலமாகும் வரை அந்தப் பணியை அவர் விடவில்லை.

சேர்ந்திசையை நடத்துபவருக்கு முதல் சோதனை சுருதிதான். சுருதியின் உயரத்தைக் கட்டை என்னும் அளவால் சொல்வோம். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடிப் பழகியவர்கள். ஒன்றில் வைத்தால் பெண்களுக்கு மேல் ஸ்தாயியின் உயர்ந்த ஸ்வரங்கள் எட்டாது. ஐந்தில் வைத்தால் ஆண்கள் தொண்டையை இறுக்கிக் கத்துவார்கள். ஆகவே, உச்சத்துக்கு ஏறும் வரியைப் பெண்கள் பாட, ஆண்கள் கீழே ஷட்ஜத்திலோ (ச) பஞ்சமத்திலோ (ப) நிலைத்து நிற்கும்படி பாட்டைப் பகிர்ந்தளிக்க வேண்டும். நாற்பது குரல்கள் ஒரே கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, ஒரே அளவில் அசைப்பது அரிது என்பதால், நெடில் ஸ்வரங்கள் நேராக நிற்கும் இடங்களையே நான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறேன்.

உயிரெழுத்தில்தான் என் வகுப்பின் பெரும்பகுதி கழிகிறது. ஒருவர் உதட்டை அகல இழுத்தும் இன்னொருவர் குவித்தும் 'ஏ' பாடினால், இருவரும் சரியான ஸ்வரத்தில் இருந்தாலும் சுருதி விலகியதாகவே கேட்கும். நீண்ட வரியில் எல்லோரும் சொல்லின் முடிவில் மூச்செடுத்தால் பாட்டு அறுந்துவிடும். அதனால் ஒவ்வொருவரும், பக்கத்தில் நிற்பவர் எந்த இடத்தில் மூச்செடுக்கிறார் என்பதைத் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கே தாம் பாடிக்கொண்டிருக்க வேண்டும். தன் குரலைக் காட்டுவதைவிடப் பக்கத்துக் குரலைக் கேட்பதே இங்கு கடினமான பயிற்சி.

வருமானம் குழுவிலிருந்து வருவதில்லை. தனி வகுப்புகளும் பள்ளி வேலையும்தான் வீட்டை நடத்துகின்றன.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். மகரக்கட்டு உடையும், அதாவது பருவ வயதில் குரல் மாறும் காலத்தில் சிறுவர்களைப் பாட்டிலிருந்தே விலக்கிவிடுகிறோம்; பலர் பிறகு திரும்பி வருவதே இல்லை. ஐந்தாறு ஸ்வரங்களுக்குள், மெல்லிய குரலில், வலியின்றிப் பாடும் ஒரு பகுதியை அவர்களுக்கென எழுதிக் கொடுக்கலாம். குரல் இறங்க இறங்க அந்தப் பகுதியையும் இறக்கி எழுதுவது ஆசிரியரின் கடமை.