துண்டு விழுந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள்: பிரெஞ்சுப் புரட்சியை வகுப்பில் நடத்தும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் வந்ததும் கரும்பலகையில் நான்கு தலைப்புகள் ஏறும்: அரசியல் காரணம், சமூகக் காரணம், பொருளாதாரக் காரணம், சிந்தனையாளர்களின் பங்கு. அப்புறம் பாஸ்டில் சிறை, கில்லட்டின், நெப்போலியன். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். "இறையாண்மை என்றால் என்ன?" என்று கேட்டால் ஒரு வரி ஒப்பிப்பார்கள். "அதை யார், யாரிடமிருந்து, எந்தச் சண்டையில் பறித்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே வாயடைத்துப் போகும்.

அரசியல் கருத்துகளை வரையறையாகக் கொடுப்பதால் வரும் வினை இது. மக்கள் இறையாண்மை, பிரதிநிதித்துவம், குடியுரிமை எல்லாமே ஏதோ ஒரு தகராறின் நடுவில் யாரோ எடுத்து வைத்த வாதங்கள். தகராறை முதலில் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். 45 நிமிடப் பாடவேளைகள் 6 இருந்தால் போதும்.

முதல் பாடவேளையில் ரூசோவை விட்டுவிடுங்கள். 1788ஆம் ஆண்டின் அரசுக் கணக்கைப் பலகையில் எழுதுங்கள். அன்றைய பிரெஞ்சு நாணயம் லிவ்ர். வரவு 50 கோடியே 30 லட்சம் லிவ்ர், செலவு 62 கோடியே 90 லட்சம். துண்டு விழுவது 12 கோடியே 60 லட்சம். செலவில் சுமார் 32 கோடி, அதாவது பாதி, பழைய கடனுக்கே போகிறது. ராணுவம், கடற்படை, வெளியுறவு மூன்றுக்கும் சேர்த்து 16 கோடிக்கு மேல். அரண்மனைச் செலவு 6 சதவீதம், 4 கோடிக்கும் குறைவு. "நீங்கள்தான் நிதியமைச்சர், எதை வெட்டுவீர்கள்?" என்று கேளுங்கள்.

முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: ராணியின் ஆடம்பரம். கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரண்மனையையே இழுத்துப் பூட்டினாலும் 8 கோடிக்கு மேல் பற்றாக்குறை நிற்கும். ராணுவத்தைக் குறைக்கலாமா? பக்கத்தில் பிரிட்டன் இருக்கிறது. கடனைக் கட்டாமல் விடலாமா? அடுத்த முறை யார் கொடுப்பார்கள்? இந்தக் கடனில் கணிசமான பகுதி அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவப் போய் வந்தது. பிரிட்டனுக்கும் கடன் மலைபோல இருந்தது. ஆனால் அங்கே நாடாளுமன்றம் வரி போட்டு வசூலித்துக் கட்டும் என்ற நம்பிக்கை இருந்ததால் வட்டி குறைவு. பிரான்சில் அப்படி ஒரு மன்றம் இல்லை, வட்டி அதிகம். பிரதிநிதித்துவம் என்ற கருத்து இந்த வட்டி வித்தியாசத்துக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகளே அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

மிஞ்சுவது வரி. யாருக்கு? நில உடைமையாளர் எல்லோருக்கும் வரி என்று நிதியமைச்சர் கலோன் 1787இல் கொண்டுவந்த திட்டத்தை முக்கியஸ்தர்கள் அவை ஏற்கவில்லை. குருமார், பிரபுக்கள், மற்றவர்கள் என்ற மூன்று பிரிவுகளின் பிரதிநிதிகள் சபையான எஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டினால்தான் புதிய வரி என்று பாரிஸ் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சபை கடைசியாகக் கூடியது 1614இல்.

இங்கே ஒரு திருத்தம். "பிரபுக்கள் வரியே கட்டவில்லை" என்று எழுதிப் போடாதீர்கள். 'தாய்' (taille) என்ற முக்கிய நேரடி வரியிலிருந்துதான் அவர்களுக்கு விலக்கு. வேறு சில வரிகளைக் கட்டினார்கள், ஆனால் செல்வாக்கால் குறைத்துக் கட்டினார்கள். வரியே இல்லை என்று சொல்லிவிட்டால், பின்னால் வரும் சண்டை எதைப் பற்றியது என்பதே பிள்ளைகளுக்குப் புரியாது.

இரண்டாம் பாடவேளை எண்களுக்கும் ரொட்டிக்கும். பிரான்சின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 80 லட்சம். வகுப்பில் 40 பேர் என்றால் ஒரு பிள்ளை 7 லட்சம் பேருக்குச் சமம். குருமார்கள் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். அவர்களுக்காக ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தினால்கூட அதிகம், ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைதான் வரும். பிரபுக்களுக்கும் ஒரு முழுப் பிள்ளை தேறாது. மற்ற எல்லோரும் மூன்றாம் பிரிவு. முக்கோணப் படத்தைவிட இது மனதில் பதியும்.

அடுத்தது ரொட்டி. பாரிஸில் 4 பவுண்டு ரொட்டி வழக்கமாக 8 அல்லது 9 சூ (சூ என்பது லிவ்ரின் சில்லறை). 1789 பிப்ரவரியில் அது பதினாலரை சூ ஆகி, ஜூலைவரை பெரிதாக இறங்கவில்லை. 1788 ஜூலை 13இல் அடித்த ஆலங்கட்டி மழை பயிரை நாசமாக்கியது, அடுத்து வந்த குளிர்காலமும் கடுமை. தினக்கூலி 25 சூ என்று வைத்துச் சதவீதம் போடச் சொல்லுங்கள். 8 சூவில் கூலியின் 32 சதவீதம், பதினாலரையில் 58 சதவீதம். திருநாள்கள் நிறைய, அன்றைக்குக் கூலி கிடையாது. கணக்கு ஆசிரியரையும் கூட அழைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் போட்ட பிறகு பாஸ்டிலை நடத்தினால் அது வேறு நிகழ்ச்சியாகத் தெரியும். 1789 ஜூலை 14 அன்று உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான்: பத்திரமோசடி செய்த 4 பேர், மனநிலை சரியில்லாத 2 பேர், வீட்டாரே அடைத்துவைத்த ஒரு பிரபு. மக்கள் கைதிகளுக்காகப் போகவில்லை. அன்று காலையில் இன்வலீத் கட்டடத்தில் துப்பாக்கிகளை அள்ளிவிட்டார்கள், வெடிமருந்து பாஸ்டிலில் இருந்தது. "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்று ராணி சொன்ன கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். யாரோ ஒரு இளவரசி சொன்னதாக அதை ரூசோ எழுதியபோது மரி அந்துவனெத் சிறுமி, பிரான்சுக்கு வந்திருக்கவே இல்லை.

மூன்றாம் பாடவேளைதான் இதில் உயிர். எஸ்டேட்ஸ் ஜெனரல் 1789 மே 5 அன்று வெர்சாய் நகரில் கூடியது. மூன்றாம் பிரிவுக்கு சுமார் 600 இடம், மற்ற இரண்டுக்கும் தலா 300 அளவில். ஆனால் வாக்கு எப்படி? பிரிவுக்கு ஒன்றா, தலைக்கு ஒன்றா? பிரிவுக்கு ஒன்று என்றால், 600 பேர் இருந்தும் 2க்கு 1 என்று தோற்கலாம்.

வகுப்பை அந்தச் சபையாக்கி நடிக்கவிடுங்கள்: குருமார் 10, பிரபுக்கள் 10, மூன்றாம் பிரிவு 20. ஒவ்வொருவருக்கும் வேடச் சீட்டு எழுதிக் கொடுப்பது முக்கியம். குருமார் 10 பேரில் 3 பேர் பிஷப்புகள், பிரபுக் குடும்பத்தார். 7 பேர் கிராமப் பங்குக் குருக்கள். அவர்கள் சீட்டில் "உன் வருமானம் சொற்பம், ஆனால் உன் பதவி பிஷப்பின் கையில்" என்று இருக்கட்டும். பிரபுக்களில் 7 பேருக்கு: "உன் மகனுக்கு ராணுவ அதிகாரிப் பதவி வேண்டும். 1781 விதிப்படி நான்கு தலைமுறைப் பிரபுக் குடும்பத்தாருக்குத்தான் அது." மீதி 3 பேர் சீர்திருத்தம் விரும்புகிறவர்கள். மூன்றாம் பிரிவின் 20 பேரும் வழக்கறிஞர்கள், அலுவலர்கள், வணிகர்கள். கூலிக்காரர் வேண்டாம். பிள்ளைகள் ஆட்சேபிப்பார்கள், ஆட்சேபிக்கட்டும். அந்தச் சபையில் கூலிக்காரர் யாரும் இல்லை என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும்.

தீர்மானம் ஒன்றே ஒன்று: "இனி தலைக்கு ஒரு வாக்கு." வரியைத் தீர்மானமாக வைக்காதீர்கள். இங்கேதான் பல ஆசிரியர்களின் விளையாட்டு மூன்றே நிமிடத்தில் முடிந்துபோகிறது. நல்ல பிள்ளைகள் "சரி, நாங்களும் வரி கட்டுகிறோம்" என்று எழுந்துவிடுவார்கள். உண்மையில் 1789இல் பல பிரபுக்களின் கோரிக்கை ஏடுகளே வரிச் சமத்துவத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தன. அவர்கள் விட்டுக்கொடுக்காதது வாக்கு முறையை. எனவே பிரபுக்களின் சீட்டில் "வரியை விட்டுக்கொடுக்கலாம், வாக்கு முறையை விடாதே" என்று எழுதுங்கள்.

குருமார்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது வகுப்புக்கு வகுப்பு மாறும். அன்றும் அப்படித்தான். மூன்று பிரிவும் ஒன்றாக அமர்வதை மே மாதத் தொடக்கத்தில் குருமார்கள் 133க்கு 114 என்று மறுத்தார்கள். பிரபுக்கள் மறுத்ததோ 188க்கு 46. ஜூன் நடுவில் பங்குக் குருக்கள் ஒருவர் இருவராக மூன்றாம் பிரிவோடு வந்து சேர்ந்தார்கள், 19ஆம் தேதி குருமார் அவையே சிறு பெரும்பான்மையில் சாய்ந்தது. நடுவே ஜூன் 17 அன்று மூன்றாம் பிரிவு தன்னைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது.

அரைமணி இழுபறிக்குப் பிறகு மூன்றாம் பிரிவுப் பிள்ளைகள் "நாங்களே சபை, நீங்கள் வேண்டுமானால் வாருங்கள்" என்பார்கள். சொல்லவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு அவர்களை வராந்தாவுக்கு அனுப்புங்கள். ஜூன் 20 அன்று கூட்ட அரங்கு பூட்டியிருந்ததால் டென்னிஸ் கூடத்தில் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். 576 பேர் கையெழுத்துப் போட, மார்த்தான் தோஷ் என்ற ஒருவர் மட்டும் எதிர்ப்பைப் பதிவு செய்தார். அந்த வேடத்தை வாதாடத் தெரிந்த பிள்ளைக்குக் கொடுங்கள். அரசரின் ஒப்புதல் இல்லாததைச் செய்ய மாட்டேன் என்பது அவர் வாதம், அது லேசான வாதமல்ல. இதன் பிறகு இறையாண்மைக்கு வரையறை எழுதச் சொன்னால் பிள்ளைகள் சொந்த நடையில் எழுதுவார்கள்.

நான்காம் பாடவேளைக்கு, தேசிய சபை 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்ற மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனம். 17 பிரிவுகளையும் வாசிக்க நேரம் இருக்காது. 1, 3, 6, 17 போதும். ஒன்றாவது பிரிவு மனிதர்கள் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள் என்கிறது, பதினேழாவது சொத்துரிமை புனிதமானது என்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டு மூன்று பேரை உள்ளே வரச் சொல்லுங்கள். முதலாவது ஒரு கூலிக்காரர். 1791 அரசமைப்பு, 25 வயது நிறைந்து மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டும் ஆணுக்கே வாக்கு கொடுத்தது. இரண்டாவது ஒலாம்ப் த கூஜ். 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதியவர். தூக்குமேடை ஏற உரிமை உண்டென்றால் பேச்சுமேடை ஏறவும் உரிமை வேண்டும் என்று கேட்டவர், 1793 நவம்பரில் கில்லட்டினுக்குப் போனார். மூன்றாவது, கரீபியன் தீவொன்றில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த சான் தொமிங்கின் அடிமை ஒருவர். அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள். அவர்களுக்கு ஒன்றாவது பிரிவு செல்லுமா, அவர்களுடைய எஜமானுக்குப் பதினேழாவது செல்லுமா?

பிள்ளைகள் சண்டைபோட்டு முடித்ததும் தேதிகளைச் சொல்லுங்கள். 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794 பிப்ரவரி 4இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். 1804 ஜனவரி 1 அன்று சான் தொமிங் ஹெய்ட்டி என்ற பெயரில் சுதந்திர நாடானது. பாடநூல் இதற்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரகடனத்தைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டவர்கள் அந்தத் தீவில்தான் இருந்தார்கள்.

ஐந்தாவது, பயங்கர ஆட்சி. வகுப்பு இங்கே ரத்தக் கதையாகச் சரிந்துவிடும், ஜாக்கிரதை. பலகையை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் போர்: 1792 ஏப்ரலில் ஆஸ்திரியாமீது போர் அறிவிப்பு, 1793 மார்ச்சில் மேற்குப் பிரான்சின் வாந்தே பகுதியில் புரட்சிக்கு எதிரான கலகம். வலப்பக்கம் சட்டம்: 1793 மார்ச்சில் புரட்சி நீதிமன்றம், செப்டம்பர் 17இல் சந்தேக நபர்கள் சட்டம், 29இல் விலை உச்சவரம்பு. இதுவரை பார்த்தால் ஆபத்து வந்தது, சட்டம் இறுகியது என்ற விளக்கம் பொருந்தும். அடுத்த இரண்டு வரியைப் போடுங்கள். 1794 ஜூன் 10இல் சாட்சியும் வக்கீலும் இல்லாமலே தண்டிக்க வழிசெய்யும் சட்டம். ஜூன் 26இல் ஃப்ளூரஸ் வெற்றி, எல்லை ஆபத்து நீங்கியது. ஆனால் பாரிஸில் ஜூன் 10இலிருந்து ஜூலை 27இல் அந்த ஆட்சியின் முக்கியத் தலைவர் ரோபஸ்பியர் வீழும்வரை சுமார் 1,400 தலைகள் விழுந்தன. போர்தான் காரணம் என்ற விளக்கம் இங்கே உடைகிறது. எது மிஞ்சுகிறது என்று பிள்ளைகள் எழுதட்டும். இன்னொரு தகவலும் அவர்களை உலுக்கும்: முறையாகத் தண்டனை பெற்றுக் கொல்லப்பட்ட சுமார் 17,000 பேரில் பெரும்பான்மை பிரபுக்கள் அல்ல, மூன்றாம் பிரிவு மக்கள்தான்.

ஆறாம் பாடவேளைக்கு 'வாதங்கள்': தாராளவாதம், பழமைவாதம், சமதர்மம். பழமைவாதம் என்றதும் பிள்ளைகள் அநியாயத்துக்குத் துணைபோகிறவர் என்று எழுதிவிடுவார்கள். எட்மண்ட் பர்க்கைக் கொண்டுவாருங்கள். 1790இல் புரட்சியைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர் அவர். அதே பர்க்தான் 1785இல் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முழங்கினார். ஆற்காட்டைச் சார்ந்த கர்நாடகப் பகுதி (இன்றைய கர்நாடக மாநிலமல்ல) மக்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் வட்டி எப்படிச் சுரண்டுகிறது என்பது அந்தப் பேச்சு. வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது வழக்கு நடத்தியவரும் அவரே. நம் மண்ணைப் பற்றிய பேச்சு என்பதால் வகுப்பு காது கொடுக்கும். நெடுங்காலமாக ஊறிய முறைகளை ஒரே வீச்சில் பிடுங்கி எறியக் கூடாது என்பது அவர் நிலை, அதைப் பிரான்சின் புரட்சியாளர்மீதும் வைத்தார், கம்பெனிமீதும் வைத்தார். அவர் முரண்படுகிறாரா என்று விவாதம் வைக்கலாம்.

சமதர்மத்துக்கு 1848. பிப்ரவரியில் பாரிஸில் வணிகரும் தொழிலாளரும் ஒன்றாக நின்று மன்னரை விரட்டினார்கள். ஜூனில், வேலையில்லாதோருக்கான தேசியப் பட்டறைகள் மூடப்பட்டதும் அவர்களே எதிரெதிராக நின்றார்கள். ஒரு பக்கத்துக்கு வாக்குரிமை போதும், மறுபக்கத்துக்கு வேலையும் வேண்டும். தாராளவாதமும் சமதர்மமும் பிரிந்த இடம் அது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆண்கள் எல்லோரும் வாக்களித்த குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர்கள் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தது நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியனை. மக்களுக்கு வாக்கு கொடுத்தால் புரட்சிக்காரர்தான் ஜெயிப்பார் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல அடி.

நான்கு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் இரண்டாவதையும் ஆறாவதையும் குறையுங்கள், மூன்றாவதில் கை வைக்காதீர்கள். தேர்வில் "காரணங்களை விவரி" என்று வந்தால் பிள்ளைகள் சங்கிலியாக எழுதப் பழகட்டும்: கடன், அதனால் வரி, வரிக்காகச் சபை, சபையில் வாக்குத் தகராறு, தகராறிலிருந்து தேசிய சபை, ஜூலையில் ரொட்டி விலை வந்து சேர்ந்தது. எழுதி முடித்தபின் பாடநூலின் நான்கு தலைப்பையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம், திருத்துகிறவருக்கு அது போதும். நன்றி, வணக்கம்.