ஆசைப்பட்டது கிடைத்ததும் வரும் சுகம் எங்கிருந்து வருகிறது? ரமணரின் ஆன்ம விசாரம், செய்முறையோடு

[திரையில்: பெட்டியிலிருந்து வெளியே வரும் புதுப் போன்]

ஆறு மாதமாகக் கண் வைத்திருந்த போன் கைக்கு வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் மனதில் ஒரு நிறைவு. அந்த நிறைவு போனுக்குள் இருந்ததா? இருந்திருந்தால் மூன்றாம் மாதமும் அதே போன் அதே நிறைவைத் தந்தாக வேண்டுமே. போன் அப்படியே இருக்கிறது, சுகத்தைத்தான் காணோம்.

[திரையில்: அருணாசல மலை, விரூபாட்ச குகை]

1902 வாக்கில், தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் திருவண்ணாமலையில் இந்தக் குகைக்கு ஏறிப்போய், அங்கே தங்கியிருந்த ரமண மகரிஷியிடம் சில கேள்விகள் கேட்டார். அவருக்கு அப்போது 22 வயதுதான். அநேகமாகப் பேசமாட்டார், பதில்களை எழுதிக் காட்டினார். பிற்பாடு ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக வந்தவை அந்தப் பதில்கள்தான். நம் போன் கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது.

ஆசை எழுந்ததும் மனம் தன் இடத்தை விட்டு வெளியே ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் தவிப்பு. விரும்பியது கிடைத்தால் ஓட்டம் நிற்கிறது, மனம் கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறது, அங்கே முன்பே இருக்கும் சுகம் தெரிகிறது. நாமோ பெருமையைப் பொருளுக்குக் கொடுத்துவிடுகிறோம். வெயிலில் அலைந்தவன் மரநிழலில் ஒதுங்கி ‘அப்பாடா’ என்கிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வெயிலுக்கே போகிறான். இது ரமணர் சொன்ன உவமை.

சந்தேகம் இருந்தால் ஆழ்ந்த தூக்கத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே வீடில்லை, சம்பளமில்லை, போனுமில்லை. எழுந்ததும் ‘சுகமாகத் தூங்கினேன்’ என்கிறோம்.

அப்படியானால் பொருளைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேரே அந்த இடத்துக்குத் திரும்ப முடியுமா? அதற்கான வழிதான் ஆன்ம விசாரம், அதாவது ‘நான் யார்?’ என்று தன்னையே ஆராய்வது.

[திரையில்: ஒருவர் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறார்]

பத்மாசனம் கட்டாயமில்லை. நாற்காலியும் சரிதான். தொடக்கத்தில் காலையில் 15 நிமிடம் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டாம். அளவான சாத்விக உணவை ரமணரே வலியுறுத்தியிருக்கிறார். மனம் ரொம்ப அலைந்தால் முதல் இரண்டு மூன்று நிமிடம் மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனியுங்கள். மூச்சை அடக்கத் தேவையில்லை.

ஒரு நினைப்பு வரும். ‘கடன் தவணை கட்டணுமே.’ அதைத் துரத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். ‘இந்த நினைப்பு யாருக்கு?’ என்று பாருங்கள். ‘எனக்கு’ என்று தோன்றும். ‘அந்த நான் யார்?’ என்று கேட்டு, கவனத்தைத் தவணையிலிருந்து ‘நான்’ என்ற உணர்வின் மேல் திருப்புங்கள். நினைப்பு அடங்கும். சில நொடிகளில் அடுத்தது வரும். திரும்ப அதே வேலை. 15 நிமிடத்தில் ஐம்பது முறை திரும்ப வேண்டியிருக்கலாம். அதனால் தியானம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தத் திரும்பல்தான் தியானமே.

இனி, தவறும் இடங்கள். பலர் ‘நான் யார், நான் யார்’ என்று ஜபிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேள்வி கவனத்தைத் திருப்புவதற்கு மட்டும்தான். பிணம் எரியும்போது சிதையைக் கிளறும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவதுபோல அந்தக் கேள்வியும் அழிந்துவிடும் என்றார் ரமணர். தடியை வீட்டுக்குத் தூக்கிவரக் கூடாது! இன்னொரு கூட்டம் பதிலைத் தேடும்: ‘நான் உடலல்ல, நான் ஆத்மா.’ படித்த பதில் எதுவானாலும் அதுவும் ஒரு நினைப்பு; அது யாருக்கு வந்தது என்று கேட்க வேண்டியதுதான். ஒளி தெரிந்தது, ஓசை கேட்டது என்றாலும் இதே கேள்வி.

நுட்பமான சிக்கல் மனோலயம். மனம் இதமாக மரத்துப்போய் அரைத்தூக்கமாக இருக்கும். ‘நல்ல தியானம்’ என்று ஏமாறுவோம். இதற்கு ரமணர் ஒரு கதை சொல்வார். கங்கைக் கரையில் ஒரு தவசி சீடனிடம் தண்ணீர் கேட்டார். அவன் கொண்டுவருவதற்குள் லயத்தில் ஆழ்ந்தார். நூற்றாண்டுகள் கழித்துக் கண் திறந்ததும் அவர் கேட்டது: ‘தண்ணீர் எங்கே?’ உள்ளே போகும்போது இருந்த தாகம் அப்படியே காத்திருந்தது. ஆகவே மந்தம் தட்டினால் கண்ணைத் திறந்து நிமிருங்கள், இரண்டு நிமிடம் நடங்கள், பிறகு தொடருங்கள்.

[திரையில்: அலுவலகம், கடைத்தெரு]

வேலையை விட வேண்டுமா? ரமணரிடம் கௌபீனம், கமண்டலம், கைத்தடி தவிர உடைமை என்று பெரிதாக எதுவுமில்லை. ஆனாலும் துறவுக்கு அனுமதி கேட்டு வந்தவர்களை அவர் பெரும்பாலும் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். ‘நான் குடும்பஸ்தன்’ என்ற நினைப்பு போய் ‘நான் துறவி’ என்ற நினைப்பு வரும், மனம் கூடவே வரும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். சம்பாதியுங்கள். அடுத்த முறை ‘இதை வாங்கியே ஆகவேண்டும்’ என்று துடிக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் ‘யாருக்கு இந்தத் துடிப்பு?’ என்று பாருங்கள். தேவை என்றால் அதன் பிறகும் வாங்கலாம்.

எத்தனை நாள் செய்ய வேண்டும்? இதையும் கேட்டிருக்கிறார்கள். நினைப்புகள் கோட்டைக்குள் இருக்கும் எதிரிகள் போல; உள்ளே இருக்கும்வரை வெளியே வந்துகொண்டுதான் இருப்பார்கள். வர வர வெட்டிக்கொண்டே இருந்தால் கோட்டை கைவசமாகும் என்று எழுதிக் கொடுத்தார் ரமணர். நாள் கணக்கு எதுவும் எழுதவில்லை.