38,000 ரூபாய், ஒரு வெள்ளை வேட்டி, நாலு ரத்தப் புள்ளி

வணக்கம் மக்களே. வழக்கமாக மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்கு நடுவில் நின்று பேசுவேன், இன்றைக்கு உள் அறை, கதவும் சாத்தியிருக்கிறது. பக்கத்து மாடியில் பாட்டி வற்றல் காயப்போட்டுக்கொண்டு இருக்கிறார், நான் பேசப்போகிறதை அவர் காதில் போட எனக்கு மனமில்லை. நீங்களும் பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

38,000 ரூபாய். போன மாதம் பளபளவென்று இருந்த ஒரு ஸ்கின் கிளினிக்கில் என்னிடம் கேட்ட தொகை. விதைப்பைத் தோலில் இருக்கிற நாலு சின்னச் சிவப்புப் புள்ளிகளுக்கு நாலு சிட்டிங் லேசர். ஆமாம், விதைப்பை என்றுதான் சொன்னேன். கீழே, அந்த இடம், மறைவிடம் என்று மனதுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததில்தான் எனக்கு ஏழு மாதம் போனது, இனி பேர் சொல்லியே பேசுகிறேன். போன வியாழக்கிழமை வேறொரு டாக்டரிடம் போனேன். பார்க்க 700, ஒரே ஒரு புள்ளியைச் சுட்டு எடுக்க 1,500. மொத்தம் 2,200. மீதி மூன்றையும் தொடவே வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த 38,000-ஐ நினைக்கிற போதெல்லாம் இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் செம்பருத்தி வீடியோவைத் தள்ளிவைத்துவிட்டு இதை எடுக்கிறேன்.

சரி, முதலில் இருந்து வருகிறேன். எனக்கு 46 வயது. ஏழு மாதம் முன்பு குளிக்கும்போது கேழ்வரகு மணி அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் கருஞ்சிவப்பில் ஒன்று, பக்கத்தில் இன்னும் மூன்று, அதில் ஒன்று ஏறக்குறைய கறுப்பு. வலி இல்லை, அரிப்பும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த இடத்தில் புதிதாக எது வந்தாலும் மனது நேராக இரண்டு இடத்துக்குத்தான் ஓடுகிறது. ஒன்று பால்வினை நோய், இன்னொன்று கேன்சர். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வீட்டில் சொன்னால் அவள் என்ன நினைப்பாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். விளக்கை அணைத்த பிறகுதான் உடை மாற்றினேன். அவ்வளவு பயம்.

போனில் தேடினால் குழப்பம்தான் கூடியது. ஃபோர்டைஸ் என்று ஒரு பெயர் வருகிறது, படத்தைப் பார்த்தால் வெளிர்மஞ்சளில் ரவை மாதிரி மணிகள், என்னுடையது சிவப்பு. பிறகு டாக்டர் சொல்லித்தான் புரிந்தது, ஒரே மனிதர் பெயரில் இரண்டு சங்கதி இருக்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜான் ஃபோர்டைஸ். உதட்டிலும் அந்தரங்கத் தோலிலும் வருகிற அந்த மஞ்சள் மணிகள் வெறும் எண்ணெய்ச் சுரப்பிகள், அவற்றுக்கு ஃபோர்டைஸ் புள்ளிகள் என்று பெயர். எனக்கு வந்தது ஃபோர்டைஸ் ஆஞ்சியோகெரட்டோமா, அதாவது ரத்தக் குழாய் விரிந்து வருகிற புள்ளி, விதைப்பையில் வருகிற இதை அவர் 1896-லேயே எழுதி வைத்திருக்கிறார். இரண்டும் ஆபத்தில்லாதவை. ஆனால் ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பற்றி ராத்திரி ஒரு மணி வரைக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

மருந்துக் கடைக்குப் போன கதையும் இருக்கிறது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. அரிப்பு என்று மட்டும்தான் சொன்னேன், எங்கே என்று காதோடு சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை, ஒரு ட்யூபை எடுத்து நீட்டிவிட்டார். படர்தாமரைக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள், வியர்க்குருவுக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், அதோடு கடுமையான ஸ்டீராய்டு, மூன்றையும் கலந்த க்ரீம். எனக்கு இந்த க்ரீம்களைக் கண்டாலே ஆகாது, அன்றைக்கு மட்டும் புத்தி மழுங்கி வாங்கிவிட்டேன். மூன்று வாரம் தடவினேன். புள்ளி அப்படியே இருந்தது, சுற்றியிருந்த தோல்தான் மெலிந்து எரிய ஆரம்பித்தது. டாக்டரம்மா சொன்ன கணக்கைக் கேட்டு ஆடிப்போனேன். முன்கையில் தடவுகிற ஸ்டீராய்டு எவ்வளவு உள்ளே இறங்குமோ, அதைப் போல 42 மடங்கு விதைப்பைத் தோல் வழியாக இறங்குமாம். 1967-லேயே ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். 42 மடங்கு! டாக்டர் சீட்டே கேட்காமல் எடுத்து நீட்டுகிறார்களே!

அப்புறம்தான் வேட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மச்சினன் மகன் கல்யாணம், மாமனார் எடுத்துக் கொடுத்த எட்டு முழம் வேட்டி, நல்ல பருத்தி, அகலமான பச்சைக் கரை. போன தீபாவளி வீடியோவில் காட்டினேனே, அதேதான். மண்டபத்தில் புழுக்கம், உட்கார்ந்த வாக்கில் வேட்டிக்கு மேலேயே லேசாகச் சொறிந்திருக்கிறேன் போலிருக்கிறது. பந்தியில் இருந்து எழுந்தால் ஒரு சின்னப் பெண், "மாமா, உங்கள் வேட்டியில் குங்குமம் ஒட்டியிருக்கு" என்கிறாள். ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறை. ஆமாம்மா, குங்குமம்தான் என்று சொல்லிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராகக் குளியலறைக்கு ஓடினேன்.

ரத்தம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது, அதற்குக் காரணம் நான்தான். நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அப்படிப் பார்க்கவே கூடாதாம். சுத்தமான பருத்தித் துணியை மடித்து அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் கையை எடுக்காமல் இருக்கவேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னொரு பத்து நிமிஷம். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். இருக்கிறது கேழ்வரகு அளவுதான், ஆனால் உள்ளே முழுக்க ரத்தம் என்பதால் கீறினால் பார்க்கப் பயமுறுத்துகிற அளவுக்கு வரும்.

கறையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். உறவுக்காரர் ஒருவர் வெந்நீரில் போடச் சொன்னார். போடாதீர்கள்! ரத்தத்தில் இருக்கிற புரதம் சூடு பட்டால் முட்டை வெந்த மாதிரி இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும், பிறகு லேசில் போகாது. பச்சைத் தண்ணீர்தான். மண்டபத்துக் குழாயடியிலேயே பின்பக்கத்தில் இருந்து தண்ணீரை ஓடவிட்டேன், கறை வந்த வழியிலேயே வெளியே போகட்டும் என்று. வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சோப்புக் கட்டியைத் தேய்த்து, பிழிந்து, மறுபடி உப்பு, மறுபடி சோப்பு. மூன்றாவது தடவையில் மஞ்சளாக ஒரு நிழல் மட்டும் மிச்சம். நாலாவது தடவையில் அதுவும் போனது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

அந்த நாலாவது தடவையில்தான் வீட்டம்மா வந்து நின்றாள். ராத்திரி பதினோரு மணிக்கு ஏன் வேட்டி துவைக்கிறீர்கள் என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்பட்டது உண்மை, ஆனால் சந்தேகப்பட்டு இல்லை, ஏழு மாதமாக ஏன் தனியாகப் பயந்தீர்கள் என்றுதான். அப்புறம் அவளே சொன்னாள், இரண்டாவது பிள்ளையைச் சுமந்த சமயத்தில் அவளுக்கும் இதே மாதிரி இரண்டு வந்ததாம், மகப்பேறு டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். பெண்களுக்கும் பிறப்புறுப்பின் வெளி உதட்டுத் தோலில் இது வரும், கர்ப்ப காலத்தில் அங்கே ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடுவதும் ஒரு காரணம். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு ஒட்டுவது கிடையாது. 14 வருஷமாக என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறாள் அவளும்.

நடுவில் அந்த 38,000 கிளினிக் வந்து போனது. அங்கே இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, நேராகப் பேக்கேஜ் பேச ஆரம்பித்துவிட்டார்கள். லேசர் பொய் என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தின் நிறத்தையே குறிவைக்கிற லேசர்கள் இருக்கின்றன, நிறையப் புள்ளிகள் இருந்து அடிக்கடி கசிகிறவர்களுக்கு நல்ல வழிதான். இது என்ன என்று பெயர்கூடச் சொல்லாமல் விலை சொன்னார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். பெங்களூரில் எங்கள் அல்சூரில் இல்லாத தோல் டாக்டரா? ஆனால் இங்கே தெருவுக்கு நாலு பேருக்கு என்னைத் தெரியும். அதனால் மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சை லைன் மாறி ஜெயநகர் வரைக்கும் போனேன். நம் ஊரில் தோல் டாக்டர்களுக்கு எம்.டி. டி.வி.எல். என்று பட்டம், தோல், பால்வினை, தொழுநோய் மூன்றும் சேர்ந்த படிப்பு அது. போர்டிலும் அப்படியே எழுதியிருக்கும். அந்த இரண்டாவது வார்த்தைக்குப் பயந்தே எத்தனை பேர் படி ஏறாமல் திரும்பியிருப்பார்கள்! நானும் ஒரு தடவை திரும்பியவன்தான்.

உள்ளே இருந்தது 60 வயதுக்கு மேல் ஒரு டாக்டரம்மா. கூச்சம் பத்து வினாடிதான் இருந்தது. ஆண் டாக்டர்தான் வேண்டும் என்றால் ரிசப்ஷனிலேயே கேட்கலாம், தப்பில்லை. டெர்மாஸ்கோப் என்று விளக்கு வைத்த ஒரு சின்ன உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, அதைப் போனில் பொருத்தி எனக்கும் காட்டினார். நான் கட்டி என்று நினைத்தது உள்ளே மாதுளை முத்துகளை நெருக்கி அடுக்கின மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனி ரத்தக் குட்டை. மேல்தோலுக்கு அடியில் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிந்து தேங்கிவிடுகின்றன, அதற்கு மேலே தோல் தடித்துப்போகிறது, அவ்வளவுதான் ஆஞ்சியோகெரட்டோமா. புதிதில் சிவப்பாக இருக்கும், நாள்பட நீலம், கறுப்பு என்று மாறும். "ஏனூ தொந்தரெ இல்ல" என்றார் கன்னடத்தில். அந்த மூன்று வார்த்தைக்கு நான் இன்னொரு 700 கொடுத்திருப்பேன்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன் பாருங்கள். அப்படிச் சொல்வதற்கு முன்னால் அவர் நிறையக் கேள்வி கேட்டார். சின்ன வயதில் இருந்தே இருக்கிறதா, தொப்புளில் இருந்து தொடை வரைக்கும் கூட்டமாக இருக்கிறதா, கை கால் எரிகிறதா, வியர்வை குறைவா, வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே சிறுநீரகக் கோளாறு வந்ததா என்று. ஃபாப்ரி என்று பரம்பரையாக வருகிற ஒரு அபூர்வ நோய் இருக்கிறது, அதிலும் இதே புள்ளிகள் கூட்டமாக வரும். எனக்கு அது எதுவும் இல்லை. ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார், சாப்பிடுகிறவர்களுக்குக் கசிவு நிற்க நேரமாகும். பிறகு நிற்கச் சொல்லி, மூச்சை அடக்கி முக்கச் சொல்லித் தடவிப் பார்த்தார். இடது பக்கம் லேசாக வெரிகோசீல் இருக்கிறது, ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டிருப்பது. இடது பக்க ரத்தக் குழாய் சிறுநீரகத்தின் ரத்தக் குழாயில் போய்ச் செங்குத்தாகச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் அதிகம் வருமாம். அங்கே ரத்தம் தேங்கி அழுத்தம் கூடுவதும் இந்தப் புள்ளிகளுக்கு ஒரு காரணம். வலியோ வீக்கமோ வந்தால் பார்க்கலாம் என்றார்.

கறுப்பாக இருந்த அந்த ஒன்றை மட்டும் அதிக நேரம் பார்த்தார். ஒற்றைக் கறுப்புப் புள்ளி வேகமாக வளர்ந்தாலோ, ஓரம் கோணல்மாணலாக ஆனாலோ, புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ, கொஞ்சம் வெட்டி பயாப்சிக்கு அனுப்பவேண்டும், மெலனோமா என்கிற தோல் கேன்சரும் சில சமயம் இப்படி இருக்கும். காலிஃபிளவர் மாதிரி இருந்தால் அது மரு, வலியோடு கொப்புளம் என்றால் அது வேறு, அவற்றுக்கு வைத்தியமும் வேறு. அதனால் என்னைப் பார்த்து நீங்கள் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளாதீர்கள், ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

சுட்டது கசிந்த அந்த ஒன்றைத்தான். மரத்துப்போகிற க்ரீம் தடவி முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள், பிறகு ஒரு சின்ன ஊசி, அது மட்டும் சுருக்கென்றது. காட்டரி என்கிற சுடுகிற கருவியை வைத்தது நாலு நிமிஷம். முடி கருகின மாதிரி ஒரு வாடை. வாசலின் தடவச் சொன்னார், தளர்வான பருத்தி உள்ளாடை, முடி எடுக்கப் பிளேடு வேண்டாம், சீப்பு மூடி மாட்டிய டிரிம்மர் போதும். ஊர்ப்பக்கம் சுண்ணாம்பையும் சலவை சோப்பையும் குழைத்து மருவுக்கு வைப்பார்களே, முடியைக் கட்டி இறுக்குவார்களே, இரண்டையும் பற்றிக் கேட்டேன். முகமே மாறிவிட்டது அவருக்கு. சுண்ணாம்பு வைத்துத் தோல் வெந்துபோய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாராம்.

வயதாக வயதாகப் புதிதாக ஒன்றிரண்டு வரலாம், வந்தால் வரட்டும்.

இதோ பாருங்கள், வேட்டி. கறை இருந்தது இந்த மடிப்புக்குப் பக்கத்தில். வெளிச்சத்துக்குப் பிடிக்கிறேன், ஏதாவது தெரிகிறதா? ஆவணியில் இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது, இதையேதான் கட்டப்போகிறேன். செம்பருத்தி வீடியோ ஞாயிற்றுக்கிழமை வரும், மாவுப்பூச்சிக்கு என்ன செய்தேன் என்று அதில் சொல்கிறேன்.