கடலைக்காட்டு மண்ணுக்குள்ள பத்து மாசம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். சேலம், நாமக்கல், தர்மபுரி, திருவண்ணாமலை பக்கம் மானாவாரியில கடலை போடறவங்க இதை கொஞ்சம் காது குடுத்து கேக்கணும், ஏன்னா நான் பேசப்போறது சிவப்பு கம்பளிப்புழு பத்தி.

இந்தப் புழு ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு தலைமுறைதான். செடி மேல நம்ம கண்ணுக்கு தெரியற மாதிரி இருக்கிறது ஒரு மாசம், ஒன்றரை மாசம், அவ்வளவுதான். மிச்சம் கிட்டத்தட்ட பத்து மாசம் கூட்டுப்புழுவா மண்ணுக்குள்ளயே சும்மா கிடக்கும், சாப்பாடு கிடையாது, அசைவு கிடையாது. அதனால இதை இலையில வாழற பூச்சின்னு நினைக்காதீங்க, இது மண்ணுல வாழற பூச்சி, நடுவுல கொஞ்ச நாள் மேல வந்து நம்ம கடலையை மொட்டையடிச்சுட்டு போகுது. மருந்துக்கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி இது ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க.

மண்ணுக்குள்ளன்னா எங்க? காட்டுக்கு நடுவுல ரொம்ப இருக்காது. புழு முத்தினதும் வரப்போரம், வேலியோரம், மரத்தடி நிழல்னு தேடிப் போய் அரை அடி முக்கா அடி ஆழத்துல இறங்கிடும். நடுக்காட்டு செம்மண்ணு சித்திரை வெயில்ல எப்படி கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும், அதுவும் இல்லாம அங்க ஏர் ஓடும், வரப்புலயும் மரத்தடியிலயும் அந்த தொந்தரவு கிடையாது, மண்ணும் கொஞ்சம் குளுமையா இருக்கும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்னு பெரியவங்க சொன்னதை கேட்டு கோடை உழவு நிறைய பேர் ஓட்டறீங்க, ரொம்ப சந்தோஷம், புரட்டிப் போட்ட கூட்டுப்புழுவை காக்காவும் மைனாவும் பொறுக்கிடும், மிச்சத்தை வெயில் பாத்துக்கும். ஆனா ட்ராக்டர் வரப்போரம் வரைக்கும் போகாது, மரத்தடியில திரும்பாது, பூச்சி அதிகமா இருக்கிற இடத்தை அப்படியே விட்டுட்டு வர்றோம். அந்த இடத்தை மட்டுமாவது மம்பட்டியால கொத்தி விடுங்கன்னு நான் கெஞ்சியே கேக்கறேன்.

அடுத்தது மழை. லேசா தூறல் போட்டா ஒண்ணும் ஆகாது. நல்லா ஒரு மழை பெஞ்சு அந்த அரை அடி ஆழத்துக்கு ஈரம் இறங்கணும், அப்பதான் கூட்டுப்புழு அந்துப்பூச்சியா மாறி வெளிய வரும், மழை பெஞ்ச மூணு நாலு நாளைக்குள்ள சாயங்காலமா கிளம்பி வரும். ஒரு தாய்ப்பூச்சி நூத்துக்கணக்குல முட்டை வைக்கும், இலைக்கு அடியில கும்பல் கும்பலா. மழை ஒரே தடவையா கொட்டினா பூச்சியும் ஒரே சமயத்துல வந்துடும், சமாளிக்கறது சுலபம், ஆனா விட்டு விட்டு பெஞ்சா பூச்சியும் விட்டு விட்டு வரும், ஒரு தடவை விளக்கு வச்சு, வெளிச்சத்துக்கு வர்ற பூச்சியை பிடிச்சு முடிச்சாச்சுன்னு உக்காந்துட முடியாது.

இதே கடலையில இன்னும் ரெண்டு பூச்சியை பாருங்க. சுருள்பூச்சிக்கு மழை ஆகாது, மழை தள்ளிப்போய் செடி வாடி நிக்கறப்பதான் இலையை மடக்கி உள்ள உக்காந்து சுரண்டும், ஒரு நல்ல மழை பெஞ்சா குறைஞ்சுடும். வேர்ப்புழுவுக்கு மணல் கலந்த, தண்ணி தேங்காத லேசான மண்ணுதான் தோது. அதோட வண்டும் முதல் மழைக்குத்தான் மண்ணை விட்டு வரும், ராத்திரி வேப்பமரத்துல ஏறி இலையை தின்னுட்டு விடியறதுக்குள்ள திரும்ப மண்ணுக்குள்ள போயிடும். முன்னிரவுல மரத்தை உலுக்கி கீழ விழறதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணியில போட்டா போச்சு. பயிர் ஒண்ணுதான், ஆனா உங்க மண்ணு எது, இந்த வருஷம் மழை எப்படிங்கறத பொறுத்து வர்ற பூச்சி மாறுது. பக்கத்து ஊர்க்காரர் அடிச்ச மருந்தையே நாமளும் அடிக்கறது அதனாலதான் எனக்கு பிடிக்கறதில்ல.

கம்பளிப்புழுவுக்கு வருவோம். மழை பெஞ்ச மறுநாள்ல இருந்து ராத்திரி ஏழு மணியில இருந்து பதினொரு மணி வரைக்கும் விளக்குப்பொறி வைங்க, கரண்ட் இல்லாத காடுன்னா வரப்புல தீ மூட்டினாலும் வந்து விழும். கடலைக்கு நடுவுல தட்டைப்பயறு ஊடுபயிரா போட்டிருந்தா அதுல முட்டை வைக்கும், முட்டையும் குஞ்சுப்புழுவும் இருக்கிற இலையை கிள்ளி அழிச்சுடலாம். பொடிப்புழு ஒரே இலையில கூட்டமா இருக்கும், அப்ப பிடிச்சாதான் உண்டு. ரோமம் வளர்ந்து பெருசாயிட்டா மருந்துக்கு அவ்வளவா சாகாது, ஒரு காட்டை முடிச்சுட்டு அடுத்த காட்டுக்கு படையா கிளம்பிடும். அந்த நிலைமை வந்தா காட்டைச் சுத்தி ஒரு அடி ஆழத்துக்கு பக்கம் செங்குத்தா இருக்கிற மாதிரி பள்ளம் வெட்டி, விழற புழுவை அழிக்கறதுதான் வழி, கூலி எவ்வளவு ஆகும்னு நான் சொல்லவேண்டியதில்ல.

இன்னொண்ணு, நீங்க ஒருத்தர் மட்டும் விளக்கு வச்சு பத்தாது. பக்கத்து காட்டு வரப்புல இருந்து வர்ற பூச்சி உங்க கடலையிலதான் முட்டை வைக்கும், ஊர்ல எல்லாரும் ஒரே ராத்திரியில வைக்கணும். யார் காட்டுல யார் தீ மூட்டறதுன்னு மழைக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணிடுங்க, மழை பெஞ்ச பிறகு விதைப்பு வேலையில அதுக்கெல்லாம் நேரம் கிடைக்காது. நன்றி, வணக்கம்.